நால்வடி கிருஷ்ணராஜ உடையார் சரிதம்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் பெரியோர் ஒருவருடைய சரிதம் இடம்பெறுவது நெடுநாளைய வழக்கம். இதுகாறும் தமிழ்ப் பெரியோரைப் பற்றியே எழுதி வந்தோம். இவ்வாண்டு தமிழரல்லாத ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு விழா ஏற்பாடுகளுக்காகக் கூடிய கூட்டத்தில், பேச்சுவாக்கில் மில்லர் குழுவைப் பற்றிய பிரஸ்தாபம் வந்தது. நம்மவரை உத்தியோகங்களிலிருந்து ஒதுக்கியது அந்தக் குழுவே என்று மூத்த அன்பர் ஒருவர் மனம் நொந்து கூறினார். அக்குழு இல்லையேல் தம் பாட்டனார் பள்ளிப் படியே ஏறியிருக்க மாட்டார் என்று மற்றோர் அன்பர் எழுந்து சொன்னார். இருவரும் தமிழர், இருவரும் இந்நகரில் மூன்று தலைமுறையாக வாழ்பவர்கள். அதன்பின் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேநீர் ஆறிப்போயிற்று. நம்மவர் என்று நாம் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்ற வினா அன்றிரவு முழுவதும் என்னை உறங்க விடவில்லை. அதற்கு விடை தேடிப் புறப்பட்டவன், கடைத்தெருவின் நடுவே விதானத்தின் கீழ் நின்று நாள்தோறும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மன்னரிடமே வந்து சேர்ந்தேன். பத்தாம் வகுப்பு மட்டும் தேறிய ரயில்வே குமாஸ்தாவின் எழுத்து இது. குறை இருப்பின் அன்பர்கள் பொறுத்தருள்க.

நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1884ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் மைசூர் அரண்மனையில் பிறந்தார். நான்காமவர் என்பதைக் கன்னடத்தார் நால்வடி என்பர். அதுவே இன்று அவருக்குப் பெயர்போல் நிலைத்துவிட்டது. தந்தையார் சாமராஜேந்திர உடையார் 1894 டிசம்பரில் கல்கத்தாவுக்குச் சென்றிருந்தபோது, தொண்டை அடைப்பான் நோய் கண்டு அங்கேயே காலமானார். பத்து வயதுப் பாலகருக்கு 1895 பிப்ரவரியில் பட்டம் சூட்டப்பட்டது. அன்னையார் கெம்பநஞ்சம்மணி அவர்கள், வாணி விலாச சந்நிதானம் என்ற பட்டத்துடன் ஏழாண்டுக் காலம் ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினார்கள். 1897இல் இளவரசியின் திருமணத்தின்போது பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டிலேயே மைசூர் நாட்டைப் பிளேக் நோய் பற்றியது. கணவரை இழந்த அம்மையார், எரிந்த அரண்மனையையும் நோயுற்ற நகரையும் சிறு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இராச்சியத்தை நடத்தினார் என்பதை நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது. 1902ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், ஜகன்மோகன் அரண்மனையில் வைசிராய் கர்சான் பிரபு முன்னிலையில், பதினெட்டு வயது நிரம்பிய மன்னர் ஆட்சியைக் கைக்கொண்டார்.

அவர் ஏற்ற இராச்சியம் எத்தகையது என்பதைச் சற்று நோக்குவோம். அதில் கன்னடம் பேசுவோர் பெரும்பான்மையினர். தெலுங்கும் தமிழும் உருதுவும் மராத்தியும் துளுவும் கொங்கணியும் பேசுவோரும் இருந்தனர். பெங்களூரில் ஒரு பகுதி, தண்டு என்று நாம் சொல்லும் கண்டோன்மென்ட், மன்னர் ஆட்சிக்கே உட்படாதது. ஆங்கிலேயர் தம் கையில் வைத்திருந்தது. அரண்மனைத் தசராவிலோ ஐரோப்பியருக்கென்று தனியே ஒரு நாள் தர்பார் நடக்கும். நாட்டுக்கு அரசரேயாயினும், வெள்ளையருக்கு வேறு நாள், சுதேசிகளுக்கு வேறு நாள் என்ற ஏற்பாட்டை அவர் ஏற்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் பல லட்சம் ரூபாயை ஆங்கில அரசுக்குக் கப்பமாகச் செலுத்தவும் வேண்டியிருந்தது.

இனி, நம் தமிழர் அந்நாட்டில் எங்கே இருந்தனர்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. தமிழர் அங்கே இரண்டு இடத்தில் இருந்தனர்: ஏணியின் உச்சியிலும், ஏணியின் அடியிலும்.

முதலில் உச்சியைச் சொல்கிறேன். ஐம்பது ஆண்டு ஆங்கிலேயக் கமிஷனர் ஆட்சிக்குப் பின், 1881இல் மைசூர் மீண்டும் உடையார் வசம் வந்தபோது முதல் திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்த ரங்காசார்லு. தசராவையொட்டிக் குடிகளின் பிரதிநிதிகளைக் கூட்டிக் குறை கேட்கும் பிரஜாப் பிரதிநிதி சபையை அவ்வாண்டிலேயே ஏற்படுத்தியவர் அவர்தாம். அவருக்குப் பின் வந்தவர் பாலக்காட்டைச் சேர்ந்த சேஷாத்திரி ஐயர். பதினெட்டு ஆண்டுகள் திவானாக இருந்தார். சிவசமுத்திரத்து மின்சாரம் அவர் கண்ட கனவு. இவர்களுடைய திறமையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் இவர்களையொட்டிச் சென்னை மாகாணத்திலிருந்து படித்த பலர் வந்து மேல் உத்தியோகங்களில் அமர்ந்தனர். உள்ளூரில் படித்தவர்களுக்கு இது பொறுக்கவில்லை. மைசூர் மைசூரியருக்கே என்ற குரல் எழுந்தது. மெட்ராஸ் கட்சி, மைசூர் கட்சி என்று இரண்டு கட்சிகள் பத்திரிகைகளிலும் பிரதிநிதி சபையிலும் பல்லாண்டு மோதிக்கொண்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இவ்விரு கட்சியாரும் பெரும்பாலும் ஒரே வகுப்பினர். நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வர்கூட இல்லாத பிராமண வகுப்பாரிடமே மேல் உத்தியோகங்களில் பெரும்பாலானவை இருந்தன. அவற்றில் தமிழர் பங்கு எவ்வளவு, கன்னடர் பங்கு எவ்வளவு என்பதே வழக்கு. ஏர் பிடித்த ஒக்கலிகரும், லிங்காயத்தரும், முஸ்லிம்களும், சேரியில் இருந்தவர்களும் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர்.

ஏணியின் அடியில் இருந்த தமிழரை இனிக் காண்போம். கோலார் தங்கவயல் மைசூர் இராச்சியத்தைச் சேர்ந்தது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியபோது, சுரங்கத்துக்குள் இறங்க வட ஆர்க்காடு, சேலம் முதலிய ஜில்லாக்களிலிருந்து ஆள் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஊரில் நிலமும் மதிப்பும் அற்றவர். சுரங்க அதிகாரிகள் வெள்ளையர். இலாபம் லண்டன் பங்குதாரருக்கு. ராயல்டி மைசூர் கஜானாவுக்கு. பாறை வெடிப்பும் நுரையீரலில் படியும் தூசியும் நம் தமிழருக்கு. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுசெல்லப்பட்டது முதன்முதல் தங்கவயலுக்கே. பெங்களூர் வீதிகளுக்கு அது 1905இலும் மைசூருக்கு 1908இலும் வந்தது. தங்கவயலுக்குப் போன மின்சாரமோ சுரங்க யந்திரங்களுக்கானது. தட்டி வீடுகளில் குடியிருந்தவர்களை நினைத்து யாரும் கம்பி இழுக்கவில்லை. பின்னர் 1930இல், வேலைக்கு வருவோர் யாவரும் கைரேகை பதிய வேண்டும் என்று வந்த ஏற்பாட்டைக் குற்றவாளிகளுக்குச் செய்யும் அவமானமாகக் கருதி, அத்தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தனர்.

என் பாட்டனாரும் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தவரே. தங்கவயலுக்குப் போகாமல் ரயில் பாதை வேலைக்குக் கடப்பாரை பிடிக்க வந்தார். ஆகவே திவான் பகதூர்களைப் பற்றி நம் மேடைகளில் பெருமை பேசும்போதெல்லாம், அவர்கள் ஏறிச் சென்ற ரயிலுக்குக் கீழே ஜல்லி தட்டிய கைகளையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இளம் மன்னர் இவற்றையெல்லாம் எவ்வாறு நோக்கினார்? அவர் அதிகம் பேசுகிறவர் அல்லர். பூஜையும் சங்கீதமும் அவருக்கு உயிர். வீணையும் பிடிலும் குழலும் இன்னும் பல வாத்தியங்களும் வாசிக்க வல்லவர். ஆனால் செய்ய வேண்டியது என்று பட்டதை ஓசையின்றிச் செய்துவிடுவார். 1909இல் அரசாங்கத்தின் ஆதீனத்திலிருந்த கோயில்களில் தேவதாசி ஊழியம் நிறுத்தப்பட்டது. 1913இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்குச் சட்டம் பிறந்தது. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதல் பல்கலைக்கழகம் அதுவே.

அரசாங்கப் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்ற ஆணை எளிதில் நிறைவேறியதன்று. சில ஊர்களில் மேல் வகுப்புப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். சமயத் தலைவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. பள்ளி பொதுப் பணத்தில் நடப்பது. அதில் பஞ்சமப் பிள்ளைக்கும் இடம் உண்டு என்ற நிலையிலிருந்து அரசாங்கம் பின்வாங்கவில்லை. இவ்விஷயத்தில் கல்வி இலாகாவில் உறுதியாக நின்றவர் சித்தூர்ச் சீமையைச் சேர்ந்த கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியார். மைசூரில் பஞ்சமப் பிள்ளைகளின் விடுதியையும் பள்ளியையும் தம் பிள்ளைகளைப்போல் கட்டிக்காத்த கோபாலசுவாமி ஐயரையும் ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். இந்நாட்டுத் தாழ்த்தப்பட்ட மக்கள் இன்றும் அவர் பெயரை நன்றியோடு சொல்கிறார்கள். ஐயர் என்ற பட்டம் உச்சியில் இருந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

இனி மில்லர் குழு. லிங்காயத்தர் 1905இலும் ஒக்கலிகர் 1906இலும் தத்தம் வகுப்பின் கல்விக்காகச் சங்கங்கள் அமைத்துக்கொண்டிருந்தனர். சென்னையில் 1916இல் நீதிக் கட்சி தோன்றியது. அடுத்த ஆண்டே மைசூரில் பிரஜா மித்திர மண்டலி எழுந்தது. அதில் லிங்காயத்தர், ஒக்கலிகர், முஸ்லிம்கள் முதலிய பலரும் ஒன்றுகூடினர். 1918இல் அவர்கள் மன்னரைக் கண்டு விண்ணப்பம் செய்தனர். வரி கொடுப்போர் அனைவரும்; உத்தியோகம் பார்ப்போர் ஒரு வகுப்பார்; இது முறையா என்பதே அவ்விண்ணப்பத்தின் சாரம்.

அப்போது திவானாக இருந்தவர் விசுவேசுவரய்யா. அவருடைய மேதையைப் பற்றி நம் பிள்ளைகளுக்குக்கூட யாரும் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணராஜ சாகரம் கண்ணெதிரே நிற்கிறது. உத்தியோகத்துக்குத் தகுதி ஒன்றே அளவு, வகுப்பைப் பார்த்து இடம் கொடுத்தால் நிர்வாகம் தளரும் என்பது அவருடைய திடமான எண்ணம். கல்வியைப் பரப்பினால் காலப்போக்கில் எல்லாரும் மேலே வருவர் என்று அவர் நம்பினார். மன்னருக்கும் அவருக்கும் மிகுந்த அன்பு இருந்தது. மன்னரைவிட அவர் இருபதாண்டுக்கு மேல் மூத்தவர். ஆயினும் இவ்விஷயத்தில் மன்னர் திவானின் சொல்லை ஏற்கவில்லை. 1918 ஆகஸ்டில், தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு ஒன்றை நியமித்தார். அவ்வாண்டு முடிவதற்குள் விசுவேசுவரய்யா பதவியிலிருந்து விலகிக்கொண்டார். அவ்விடத்துக்கு மன்னரின் தாய்மாமனாராகிய காந்தராஜ அரசு வந்தார்.

காலம் காத்திருந்தால் தானே சரியாகும் என்ற வாதத்தை நானும் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. படித்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வீடே பள்ளி. ஜல்லி தட்டுகிறவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றே பள்ளி; அதிலும் கதவு பாதி சாத்தியிருந்தால் எந்தக் காலத்தில் இருவரும் ஒரே பரீட்சையில் ஒரே மதிப்பெண் பெறுவது? விசுவேசுவரய்யா நேர்மையில் மலை போன்றவர். ஆனால் இதில் மன்னரே சரியாகக் கண்டார் என்பது என் எண்ணம். மாறுபடும் அன்பர்கள் உளர் என்பதை அறிவேன்.

குழு 1919இல் அறிக்கை தந்தது. உத்தியோகங்களில் போதிய இடம் பெறாத, பிராமணரல்லாத வகுப்பார் யாவரும் பின்தங்கியோர் என்று அது வரையறுத்தது. ஏழாண்டுகளுக்குள் மேல் உத்தியோகங்களில் பாதிக்குக் குறையாமலும், கீழ் உத்தியோகங்களில் மூன்றில் இரு பங்குக்குக் குறையாமலும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று கூறியது. படிப்புக்கு உதவித் தொகைகளும் விடுதிகளும் வேண்டும் என்றது. 1921இல் அரசாங்கம் அதை ஏற்று ஆணை பிறப்பித்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா 1902இலேயே பாதி இடம் ஒதுக்கியிருந்தார். சென்னையில் நீதிக் கட்சியாரின் முதல் வகுப்புவாரி ஆணையும் அதே 1921இல்தான் வெளிவந்தது.

அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மில்லர் குழு போட்ட கோடு வகுப்பைப் பற்றியது, தாய்மொழியைப் பற்றியதன்று. இங்கே குடியேறி வேரூன்றிய முதலியாரும் பிள்ளையும் தாழ்த்தப்பட்ட தமிழரும் அக்கோட்டுக்கு இப்புறமே நின்றனர். கன்னடம் பேசிய பிராமணர் அப்புறம் நின்றனர். பஞ்சமர் என்ற சொல்லை நீக்கி, கன்னடம் பேசியோருக்கு ஆதி கர்நாடகர் என்றும் தமிழ் பேசியோருக்கு ஆதி திராவிடர் என்றும் பெயர் வழங்கலானதும் அக்காலத்தில்தான். ஆகவே மில்லர் குழு தமிழரை ஒதுக்கியது என்பது முழு உண்மையன்று. உச்சியில் இருந்த தமிழருக்கு இடம் சுருங்கியது. அடியில் இருந்த தமிழருக்கு முதன்முதலாகப் படி ஒன்று கிடைத்தது. முன்னவர் இழந்ததைப் பற்றி நூல்கள் உள. பின்னவர் பெற்றதை எழுதிவைக்க அவர்கள் வீட்டில் அப்போது எழுதத் தெரிந்தவர் இல்லை.

உத்தியோகம் சுருங்கியதால் மன்னருக்குத் தமிழர்மேல் வெறுப்பு என்று யாரும் எண்ண வேண்டா. திருத்தணியைச் சேர்ந்த இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை இங்குள்ள மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தார். அவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது மாணவர்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே நம் ரயில் நிலையம்வரை இழுத்து வந்தார்கள். ரயில்வேக்காரனாகிய எனக்கு அந்நிலையத்தின் பெருமைகளில் இது முதலாவது. திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மன்னரின் ஆஸ்தான வித்துவானாகி, சாமுண்டேசுவரி அம்மன்மேல் நூற்றெட்டுக் கீர்த்தனைகள் இயற்றினார். அவை கன்னட மொழியில் அமைந்தவை. தமிழர் ஒருவர் கன்னடத்தில் பாட, கன்னட மன்னர் கேட்டு மகிழ்ந்த ஊர் இது. அரண்மனை மேல்நாட்டு வாத்திய கோஷ்டிக்கு ஓட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியரை வைத்திருந்தவரும் இதே மன்னர்தாம்.

1926இல் அவர் திவானாக அமர்த்தியது தம்முடன் படித்த மிர்ஸா இஸ்மாயில் அவர்களை. இவருடைய பாட்டனார் பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து வந்து குதிரை வாணிகம் செய்தவர். சாமுண்டி அம்மனைத் தொழாமல் நாளைத் தொடங்காத மன்னர் ஒரு முஸ்லிமைத் திவானாக்கியதைச் சிலர் முணுமுணுத்தனர். 1928இல் பெங்களூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளையார் சிலையைப் பற்றி எழுந்த பூசல் கலவரமாக முற்றியபோது அந்த முணுமுணுப்பு உரத்துக் கேட்டது. அதை விசாரிக்கும் குழுவுக்குத் தலைமை தாங்குமாறு அழைக்கப்பட்டவர், பத்தாண்டுக்கு முன் மாறுபட்டு விலகிய விசுவேசுவரய்யாவே! மன்னர் திவானை மாற்றவில்லை. தம் காலம் முழுதும் மிர்ஸாவையே வைத்துக்கொண்டார். 1933இல் நம் நகரத்துப் பிலோமினாள் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியவரும் கிருஷ்ணராஜரே. 1927இல் நந்திமலையில் உடல்நலம் தேறத் தங்கிய காந்தியடிகள் மைசூருக்கும் வந்து சென்றார். அவர் மன்னரை இராஜரிஷி என்று போற்றியதாகச் சொல்லாத முதியவர் இவ்வூரில் இல்லை.

புகழ்ச்சி மட்டும் எழுதினால் அது சரிதமாகாது. குறைகளும் உண்டு. திருவாங்கூர் இளம் மன்னர் 1936இல் கோயில் கதவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டார். வயதிலும் கல்வியிலும் மூத்த நம் மன்னர் அவ்வாறு ஆணையிடவில்லை. நம் தமிழ்நாட்டிலிருந்து சென்ற இராமானுசர் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, மேலுக்கோட்டைக் கோயிலில் ஆண்டில் சில நாள் அவர்களுக்கு வழிவிட்டதாக வழங்குகிறது. எண்ணூறு ஆண்டு கழித்தும் அந்தச் சில நாள் ஆண்டு முழுதுமாகாமல் இருந்தது. மைசூரில் கோயில் நுழைவுக்குச் சட்டம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகே. குடிகளுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்ற கிளர்ச்சிக்கும் அவர் இணங்கவில்லை. 1938 ஏப்ரலில் விதுராசுவத்தத்தில் கொடியேற்றக் கூடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் மாண்டது அவர் ஆட்சியில்தான். தங்கவயல் தமிழரின் துன்பத்தையும் அவர் அரசாங்கம் தீர்த்துவிட்டது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சொந்த வாழ்வில் அவர் அதிக இன்பம் கண்டவர் அல்லர். மக்கட்பேறு இல்லை. தமக்கையார் ஒருவரும் அவருடைய பெண்மக்களும் அடுத்தடுத்துக் காசநோயால் மாண்டனர். அத்தமக்கையாரின் பெயரால் நம் நகரில் எழுந்த காசநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் நம் காலனிக் குடும்பங்களிலும் உண்டு. 1931இல் கயிலாயத்துக்கும் மானசரோவருக்கும் யாத்திரை போய் வந்தார். 1934இல் அன்னையாரை இழந்தார். 1940 மார்ச்சில் தம்பியாரும் மறைந்தார். அத்துயரிலிருந்து மீளாமலே, அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் பெங்களூர் அரண்மனையில் மன்னர் காலமானார். அப்போது வயது ஐம்பத்தாறு. தம்பி மகன் ஜயசாமராஜ உடையார் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் 1964 முதல் 1966 வரை சென்னை மாகாணத்துக் கவர்னராக இருந்தவர் அவர்தாம்.

ஒரு சிறு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். 1991 டிசம்பரில் காவிரிப் பூசலால் தமிழர் வீடுகள் தாக்கப்பட்ட நாட்களில் நான் பள்ளிச் சிறுவன். அப்பா வாசலிலிருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். வீட்டில் சத்தமாகத் தமிழ் பேசக் கூடாதென்று அம்மா கட்டளையிட்டார். இரண்டு இரவு எங்களைத் தம் வீட்டில் படுக்கவைத்துச் சோறு போட்டவர், எங்கள் அடுத்த வீட்டு ஒக்கலிக அம்மாள். அவருடைய மாமனார் மில்லர் ஆணைக்குப் பின் சர்க்கார் வேலைக்குப் போன முதல் தலைமுறை. அவர் வீட்டுக் கூடத்தில், சுவாமி படங்களுக்குப் பக்கத்தில், நால்வடி கிருஷ்ணராஜரின் படம் மாட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே பாய் விரித்துத்தான் நாங்கள் படுத்தோம். அம்மன்னர் யார் என்று அம்மாளிடம் கேட்டேன். அவர் கன்னடத்தில் சொல்லத் தொடங்கிய கதையின் பாதியில் உறங்கிவிட்டேன். மீதியை இத்தனை ஆண்டு கழித்து நூலகத்தில் தேடிப் படித்து இங்கே எழுதியிருக்கிறேன்.